பயந்தாங்கொள்ளி வார்

படிக்கட்டுத் திருப்பத்தில் பலகை மாட்டிக்கொண்டது. ஒரு மீட்டர் அகலமுள்ள பாய்மரப் பந்தயப் பலகை. மேலே நின்று பாய்மரத்தைக் கையில் பிடித்துக் கடலில் ஓட்டச் செய்த சாமான், மாடி வீட்டுக்கென்று செய்ததல்ல. மேலே வாலைப் பிடித்தபடி புருஷன், கீழே மூக்கைத் தோளில் தாங்கியபடி அவள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். எத்தனையோ சந்துகளில் அத்தனை பெரிய வண்டியைத் திருப்பியவளுக்கு இதைத் திருப்ப மட்டும் வரவில்லை.

"இன்னிக்குப் பந்தயத்தையாவது முழுசா ஓட்டி முடி. இல்லேன்னா இதை வித்துட்டு சோபா வாங்கிடலாம். எத்தன நாளைக்குத்தான் தரையில உக்காந்து டிவி பாக்குறது?" என்றான் புருஷன்.

"சரி, முடிக்கலேன்னா வித்துடு," என்று வாயை விட்டுவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதுவரை ஒரு பந்தயத்தைக்கூட அவள் முடித்ததில்லை.

காற்றை எதிர்த்துப் போகும்போதெல்லாம் ஜோர்தான். ஓர் அறையின் தரை அளவுக்குப் பெரிய பாய் அது. அதன் இழுப்புக்குக் குறுகலான பலகை என்றால் ஆளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அகலப் பலகையிலோ ஓரத்து வார்களில் காலை நுழைத்து, உடம்பை வெளியே சாய்த்து, மொத்த எடையையும் பாய்க்கு எதிராகத் தொங்கவிடலாம். சின்னக் காற்றுக்கே தண்ணீரைவிட்டுக் கிளம்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் தாங்காது; தொண்டை கிழியப் பாடுவாள். வினையெல்லாம் திரும்பி வரும்போதுதான். காற்று முதுகுப்பக்கம் வந்து, அலையும் எகிறிவிட்டால், அந்த அகலமே எமன். பரந்த மூக்கு முன்னால் இருக்கும் அலையில் போய்க் குத்தும். பலகை நின்றுவிடும், அவள் மட்டும் போய்க்கொண்டிருப்பாள்.

அதற்கு மருந்து ஒன்று உண்டு. வாலின் நடுவில் இன்னொரு வார் பூட்டி, பின்னங்காலை அதில் ஊன்றினால் எடை பின்னுக்குப் போய் மூக்கு தூக்கிக்கொள்ளும். கிளப்பில் அதற்குப் பயந்தாங்கொள்ளி வார் என்று பெயர். கடற்கரையில் அவள் அதைத் திருகிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நின்றாள். பல் டாக்டர். இவளை இந்த விளையாட்டில் இழுத்துவிட்ட புண்ணியவதி.

"என்னம்மா, பஸ்ல பிடிச்சுக்கிற கம்பியக் கழட்டிட்டு வந்துட்டியா? நானெல்லாம் அதைத் தொட்டதே இல்ல."

நாத்தனாரின் பலகை பக்கத்திலேயே கிடந்தது. வால்பக்கம் மட்டும் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. "வெயில்ல சூடாயிடும்," என்றாள் கேட்காமலே. இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வார் பாட்டுக்கு இருக்கட்டும், உயிரே போனாலும் அதில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பந்தயம் தொடங்கி, பாதி வழி அடையாளமான மிதவையைச் சுற்றித் திரும்பியதும் கடல் தன் குணத்தைக் காட்டியது. அவள் பிடிவாதமாக ஓரத்து வார்களிலேயே காலை வைத்து நின்றாள். குண்டும் குழியுமான ரோட்டில் பிரேக் இல்லாத பஸ் மாதிரி பலகை தடதடத்தது. மூக்கு ஒருமுறை அலைக்குள் போய், முழங்கால் வரை தண்ணீர் ஏறி, எப்படியோ மீண்டது. கண் முன்னால் சோபா தெரிந்தது. அதற்கும் முன்னால் நாத்தனார் தெரிந்தாள். கிட்டத்தட்டக் குந்தி உட்கார்ந்தபடி, பின்னங்கால் வாலின் நடுவில், பளபளக்கும் புத்தம்புது மஞ்சள் வாருக்குள்.

"அக்கா!"

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "நீ ஒண்ணும் பாக்கல!"

"பாத்துட்டேன் அக்கா! மஞ்சக் கலரு!"

சிரிப்பு பீறிட்டது. ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. கால் தானாகப் பின்னால் நகர்ந்து வாருக்குள் புகுந்துகொண்டது. மூக்கு எழும்பியது. இவ்வளவு நேரம் அலையோடு மல்லுக்கு நின்ற அதே அகலம் இப்போது அலைத்தலைகளைத் தட்டித் தட்டித் தாண்டியது. எல்லைக்கோட்டில் ஊதல் இரண்டு முறை கேட்டது. முதல் ஊதல் யாருக்கென்று இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் அதே படிக்கட்டுத் திருப்பத்தில் பலகை மறுபடியும் மாட்டிக்கொண்டது. மேலே நாத்தனார், கீழே அவள். அவளுக்கும் கீழே, சோபாக் கடையின் விளம்பரத் தாளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, வீட்டுக்குள் போக வழியில்லாமல் புருஷன்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்களேன்," என்று கெஞ்சினான்.

யார் சாய்ப்பது? சிரித்துச் சிரித்து இருவருக்கும் கையில் பலமே இல்லை. பலகையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டி, ஒவ்வொரு படியாக அவன் காலடிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது.