நரிக்கரட்டைச் சுத்தம் செய்தார்கள்

ஓசூரைச் சுற்றியுள்ள இயற்கை நிலங்களில் ஒன்றைப் பாதுகாக்கத் தேர்ந்தெடுக்கப்போவதாக அரசு அறிவிப்பு வந்தது. பட்டியலில் இருந்த மூன்று இடங்களில் ஒன்று, கெலமங்கலம் பக்கத்தில் இருக்கும் நரிக்கரடு. நாற்பது ஏக்கர் பாறையும் முள்ளும். தேர்வாகாவிட்டால் லாரி நிறுத்தும் இடமாகிவிடும். அதற்கான மனு ஏற்கெனவே போயிருந்தது. கரட்டில் விழும் மழைதான் கீழே இருக்கும் கிணறுகளுக்கு ஊற்று. அதனால் பார்க்க வருகிறவருக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று ஊராட்சித் தலைவர் ரங்கம்மா சொல்லியிருந்தார்.

கணக்கெடுக்க வந்த ஆய்வாளர் சுவாதி ஜீப்பை விட்டு இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். கரட்டின் முன்பாதி மொட்டையாக இருந்தது. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். நடுவில் எட்டுக் குரோட்டன்ஸ் தொட்டிகள். மேலே ‘வருக வருக’ ஃபிளெக்ஸ்.

“இங்க இருந்த புதரெல்லாம் எங்கம்மா?”

“எல்லாம் ஜேசிபி வெச்சு வழிச்சாச்சு மேடம்,” என்றார் ரங்கம்மா பெருமையாக. “நீங்க நடக்கற இடம். பாம்பு பூச்சி இருந்தா என்ன ஆவறது?”

“அந்தப் பாம்பு பூச்சியப் பாக்கத்தாம்மா நான் வந்ததே.”

ரங்கம்மாவின் முகம் சுருங்கியது. தடுப்பூசி போடும் நர்ஸ் வந்தாலும் வழியைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பது அந்த ஊர் வழக்கம். அது தப்பாகும் என்று யாரும் நினைத்ததில்லை.

“மீதிப் பாதியை ஏன் விட்டீங்க?” என்று சுவாதி கேட்டார்.

“அதை இவனைக் கேளுங்க. நேத்து மத்தியானமே வண்டிய நிறுத்திட்டான், சோம்பேறி.”

ஜேசிபி ஓட்டும் தினேஷ்குமார் தலையைச் சொறிந்தான். “சோம்பேறி இல்லக்கா. ஒரு ஆள்காட்டிக் குருவி என் தலைய கொத்த வந்துச்சு. எறங்கிப் பாத்தா தரையில நாலு முட்டை. அதுக்கு மேல எப்படிக்கா ஓட்டறது?”

“இதை நேத்தே சொல்றதுக்கென்னடா?”

“சொல்ல எங்க விட்டீங்க? திட்டறதுக்கே உங்களுக்கு நேரம் பத்தல.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சுவாதியும்தான்.

முட்டைகளைச் சுற்றி அவன் சுண்ணாம்பு அடித்த கற்களை வட்டமாக அடுக்கியிருந்தான். பறவை தள்ளி நின்று கத்தித் தீர்த்தது. அந்த இடத்தைத் தாண்டி சுவாதி புதருக்குள் சுற்றிச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்தார். குஞ்சுகளோடு கௌதாரி ஒன்று குறுக்கே ஓடியது. இரண்டு முயல்கள். ஒரு சாரைப்பாம்பு. பாம்பைப் பார்த்ததும் ரங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டார், பயத்திலா நன்றியிலா என்று தெரியவில்லை.

“மத்த ரெண்டு இடத்துலயும் இவ்வளவு பாக்கலம்மா,” என்றார் சுவாதி. “ஆனா பாதி போயிடுச்சே. வேரோட தோண்டிட்டீங்களா?”

“மேலாக்கதான் வழிச்சேன் மேடம்,” என்றான் தினேஷ்குமார். “அடியில பூராப் பாறை. பக்கெட் பல்லு போயிடும்.”

“அப்ப மழை வந்தா துளிர்க்கும். அதையும் எழுதிக்கறேன். இனிமே யாரும் கை வைக்காதீங்க.”

ஆனி மாதம் கடிதம் வந்தது. நரிக்கரடு தேர்வாகியிருந்தது. அதற்குள் முன்பாதியில் ஆவாரையும் சூரையும் முழங்கால் உயரம் வந்திருந்தன. பாதுகாக்கப்பட்ட இடம் என்ற பலகையைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் ஊராட்சி எழுத்தர் கரியப்பன் ஓடிவந்தார்.

“தலைவரம்மா, ஜேசிபிக்குச் சொல்லிடட்டுங்களா?”

“சொல்லு,” என்றார் ரங்கம்மா. “அந்த எட்டுத் தொட்டியையும் ஏத்திட்டுப் போகச் சொல்லு.”