அரை மணி கேட்கப் போனவர்

ஜவுளிக்கடைக்காரரின் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கை விரல்கள் விறைப்பு. எழுத்து ஆமை வேகம்தான். விடை எல்லாம் தெரிந்தும், பரீட்சை மணி அடிக்கும்போது கடைசி இரண்டு கேள்விகள் அப்படியே கிடக்கும். அதனால்தான் அவளையும் கூட்டிக்கொண்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியை முன் வந்து உட்கார்ந்தார்.

"அரை மணி கூடக் குடுங்கம்மா, போதும்."

"அரை மணி தர முடியாதுங்க," என்றபடி தலைமையாசிரியை அலமாரியில் கோப்பைத் தேடினார்.

பேரம் படியாவிட்டால் எழுந்து நடக்க வேண்டும், நாலாவது அடியில் கூப்பிடுவார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த வித்தை அதுதான். "அப்ப நாங்க வர்றோம்," என்று எழுந்து நடந்தார். வாசல் வந்துவிட்டது, குரல் வரவில்லை.

"அப்பா, வந்து உக்காருங்க. அவங்க இன்னும் பேசியே முடிக்கல," என்றாள், நாற்காலியை விட்டு அசையாத மகள்.

தலைமையாசிரியை கோப்போடு திரும்பினார். "எங்க கிளம்பிட்டீங்க? விதிப்படி ஒரு மணி நேரம். குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. பாப்பா சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேக்கலாம். இது நான் குடுக்குறது இல்லீங்க, அவளுக்கு உள்ளது."

கேட்டதற்கு மேல் அளந்து போடும் கடையை அவர் ஆயுளில் கண்டதில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

"ஆள் வேணாம் டீச்சர், நானே எழுதிடுவேன்," என்றாள் மகள். "ஒரு மணி இருந்தா படமெல்லாம் போட்டு, கலரும் அடிச்சிடுவேன்."