உபகாரசாமி அடைத்த லேப்டாப்

உபகாரசாமிக்கு மனிதர்கள் மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் எதிரில் வருகிற ஆளை டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். பங்குச் சாமியாருக்கும் அதே பார்வைதான்.

அவர் மதித்தது ஒரே ஒரு குரலை. அது அவருடைய சொந்தக் குரல்.

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் அவர் ஊர் மாதா கோயிலில் தவக்காலம் வந்தால் பாஸ்கா போடுவார்கள். ஏசு பாடுபட்ட கதை. நடிக்கிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். வசனம் முழுக்க முன்னாலேயே பதிவு செய்து வைத்திருந்தார்கள். மேடையில் நிற்பவர்கள் அதற்கு வாயசைத்தால் போதும். அந்தப் பதிவில் ஏசுவின் குரல் உபகாரசாமியுடையது. சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் போய்ப் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து, மேடையில் எவன் நின்றாலும் ஏசு தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இந்த வருஷம் நிற்கிறவன் வின்சென்ட், தறி ஓட்டுகிற பையன்.

"தாடி நல்லா வந்திருக்குதுன்னு போட்டோம். மத்தபடி அவன் வாயத் தொறந்தா தறிச் சத்தந்தான் வரும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதிவு இருந்தது ஒரு பழைய லேப்டாப்பில். வேறு பிரதி கிடையாது. ஸ்டுடியோக்காரரும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துப் பங்குக் கோயிலிலும் பாஸ்கா போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவருக்கு வயிறு எரிந்தது. எவனாவது பென் டிரைவைச் சொருகித் தன் குரலைத் திருடிக்கொண்டு போய்விட்டால்? தண்ணீர்க் குழாய்க்குப் போட்டது போக மிச்சமிருந்த எம்-சீல் பசையை உருட்டி, லேப்டாப்பின் யூ.எஸ்.பி. ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டார். இப்படியும் ஒரு மனிதர். அவர் மனைவி மரியபுஷ்பம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏனுங்க, நாலு ஊர்ல கேட்டாத்தான் என்னவாம்?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார்.

பாஸ்கா அன்று சாயங்காலம் சனம் வந்து உட்கார ஆரம்பித்தாயிற்று. ஜேடர்பாளையத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். மைக் செட் அலெக்ஸ் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் ஒயரைச் சொருகினான். முழுதாக உள்ளே போகவில்லை. சத்தமும் வரவில்லை. ஒயரை உருவிவிட்டுப் பார்த்தான். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரும் ஊமையாகக் கிடந்தது.

உடனே கோயிலில் இருந்த அத்தனை பேரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். ஒருவன் அணைத்துப் போடச் சொன்னான். ஒருவன் ஊதச் சொன்னான். கோவையில் படித்துவிட்டு வந்தவன் டிரைவர் போயிருக்கும் என்றான். எந்த டிரைவர், எங்கே போனார் என்று கேட்டார் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். உபகாரசாமி எல்லோரையும் மனதுக்குள் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். கடைசியில் வெண்ணந்தூர் செல்போன் கடை மணிமாறனைக் கூட்டிவந்து மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார வைத்தார்கள். அவன் ஒரு காதில் கிரிக்கெட் கேட்டபடியே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பின்னு ஒடஞ்சு உள்ள கெடக்குதுங்க. ஹெட்போன் மாட்டியிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு மிஷினு ஸ்பீக்கரயும் மூடிருச்சு. ஆரோ ஒயரோட வெடுக்குனு இழுத்திருக்கறாங்க."

ஒத்திகையின்போது ஒருநாள் வின்சென்ட் லேப்டாப் பக்கம் குனிந்திருந்தான். திருடத்தான் குனிகிறான் என்று பாய்ந்து லேப்டாப்பை ஒயரோடு பிடுங்கியவர் உபகாரசாமி. அது இப்போது ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டியடித்தார்.

"அது போனாப் போகுதுங்க. யூ.எஸ்.பி.யில சொருகற சவுண்டு கார்டு எங்கிட்ட இருக்குது, ரெண்டு நிமிச வேலை" என்று லேப்டாப்பைத் திருப்பினான் மணிமாறன். திருப்பியவன் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். "இத எவனுங்க அடச்சது?"

"பல்லி முட்ட வெச்சிரும்னு நான்தான் அடச்சேன்."

மணிமாறன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பல்லி" என்றான். பேனா ரீஃபில் ஒன்றை வாங்கி, முனையில் பசை தொட்டு, ஒடிந்த துண்டை ஒட்டி இழுக்கப் பார்த்தான். இரண்டு தடவை வழுக்கிவிட்டது.

சாமியார் எட்டிப் பார்த்தார். "சனம் எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்? எல்லாத்துக்கும் வசனம் மனப்பாடந்தானே, மைக்குல பேசட்டும்" என்றார்.

உபகாரசாமிக்குச் சிரிப்பு வந்தது. பேசட்டும், பேசி அசிங்கப்படட்டும் என்று விட்டுவிட்டார். முதல் காட்சி அவர் நினைத்த மாதிரியே நாறியது. சீடர்கள் மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். யூதாஸ் பேச வேண்டியதை யோவான் பேசினான். சனம் கொல்லென்று சிரித்தது. அறைக்குள் அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"தோட்டக் காட்சிக்குள்ள எடுத்துருப்பா. அதுதான் என்னோட காட்சி" என்று மணிமாறனை நெருக்கினார்.

தோட்டக் காட்சி வந்துவிட்டது. ஏசு தனியாக ஜெபம் செய்துவிட்டு வருவார், பேதுரு தூங்கிக்கொண்டிருப்பான். பதிவில் அந்த இடத்தில் உபகாரசாமி, "பேதுருவே! உறக்கமோ உனக்கு?" என்று தூண் அதிர முழங்கியிருப்பார். வின்சென்ட்டுக்குப் பயத்தில் அந்த வசனம் வரவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மைக்கில் அவன் மூச்சுதான் கேட்டது. அப்புறம், வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"தூங்கிட்டியா சாமி? எனக்குப் பயமா இருக்குதுன்னு சொன்னனல்லோ."

யாரும் சிரிக்கவில்லை. அழுத குழந்தையின் வாயை எவளோ பொத்தினாள். மணிமாறன்கூட ரீஃபிலைப் பிடித்தபடி தலையைத் தூக்கினான். உபகாரசாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எடுடா அத" என்றார்.

ஒடிந்த துண்டு வெளியே வந்துவிட்டது. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கிளம்பியது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மேடையோரம் ஓடினார். அலெக்ஸ் கையில் ஒயர் இருந்தது. அவன் அதைத் தரவில்லை.

"இருங்க பெரியப்பா. அவம் பேசட்டும்."

"என்னடா பேசட்டும்? சரியாயிருச்சுங்கறேன், சொருகுடா."

அலெக்ஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இருட்டில் மரியபுஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆள் வந்ததே என்று அவளிடம் லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினார்.

"சத்தம் வந்துருச்சு, இவங்கிட்ட சொல்லு."

"அத அணச்சு வெய்ங்க மொதல்ல" என்றாள் மரியபுஷ்பம். "இத்தன வருசமா உங்க தொண்டையத்தான் கேட்டுக்கிட்டிருந்தேனுங்க. இன்னைக்குத்தான் ஏசு சாமி பேசிக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு, அடுத்த காட்சி போய்விடுமே என்று வேகவேகமாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.