தம்பியின் பெயர் வந்த நாள்

காலை ஒன்பதே காலுக்கு அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் வெளியேதான்.

தேசப் பாதுகாப்புப் பிரிவுக்கு அவர் தலைவரான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. விமான நிலையம், துறைமுகம், அணு உலை போன்ற இடங்களில் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களின் பெயர்களைத் துணை அதிகாரி ஒவ்வொன்றாக வாசிப்பார். தலைவர் "சரி" என்றால் அந்த ஆளுக்கு வேலை. ஒன்றும் சொல்லாவிட்டால் இல்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காரணம் வெளியே கசிந்தால் துப்புக் கொடுத்தவன் மாட்டிக்கொள்வான்.

ஓய்வு பெறும் தலைவருக்கு இன்று கடைசிக் கூட்டம். முடிந்ததும் துணை அதிகாரி டீ குடித்துக்கொண்டே பழங்கதை பேசினார்.

"உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது உங்க தம்பி விஷயத்துலதான் சார்."

"என்ன விஷயம்?"

"ஏர்போர்ட் கண்ட்ரோல் டவர் வேலைக்கு அவர் பேரை வாசிச்சேனே. நீங்க வாயே திறக்கலை. சொந்தத் தம்பியையே தூக்கிட்டாருடான்னு வாசல் காவலர் வரைக்கும் பேச்சு. அப்புறம் எவனாவது சிபாரிசுன்னு உங்க பக்கம் வந்தானா?"

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விசாரணையில அவன் மேல என்ன இருந்துச்சு?"

"ஒரு தூசு கிடையாது சார். அதனாலதான் நீங்க பெரிய ஆளு."

தம்பிக்காக அண்ணன் பேசினான் என்று வரக்கூடாது, கூட்டத்தில் இருக்கும் மற்ற அதிகாரிகள் முடிவு செய்யட்டும் என்றுதான் அன்று அவர் ஒதுங்கினார். ஒதுங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அறையில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். அதைப் பழக்கியவரே அவர். வேலை இல்லை என்று தெரிந்தபோது, தம்பியிடம் அவர்கள் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போனாலும் அளந்துதான் பேசினார். அவன் நண்பர்கள் யார் என்றுகூட ஒரு கண் வைத்திருந்தார்.

மாலையில் தம்பி வீட்டுக்கு வந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்; விரல் இடுக்கில் கிரீஸ் போகவே போகாது. அவன் மகள் இப்போது அதே டவருக்குத் தேர்வாகியிருக்கிறாள். பெயர் அடுத்த வாரம் அந்த அறைக்கு வரும்.

"நல்லவேளை, நீ ரிட்டயர் ஆயிட்டே," என்று சிரித்தான். "பெரியப்பா புண்ணியத்துல வந்தவள்னு அவளை எவனும் பேச முடியாது பாரு."

தலைவரின் மனைவி தம்பியிடம் டீயை நீட்டினாள். "விமானத்தை இறக்கிவிடணும்னு ஆசைப்பட்டவர், இப்ப ஊரையே ஏத்தி இறக்கிட்டிருக்கார்."

"அதுலயும் நடுவுல நின்னுடுது அண்ணி. திட்டு மட்டும் நிக்கிறதில்லை."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போகும்வரை அவர் காத்திருந்தார். சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"உன் மேல எனக்கு வருத்தமே கிடையாதுண்ணா. நீ யாருக்காகவும் தலையிட மாட்டே. ஆனா என்கிட்ட இருந்த குறை அவகிட்டயும் இருந்துடுமோன்னு பயமா இருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணும் பிடிபடலை. அன்னைக்கு என்கிட்ட அப்படி என்னதான் கண்டாங்க?"