ஆனிக் கடைசி

“பொறந்த தேதி வேணுமாம். ஒங்கம்மா என்னைக்குப் பொறந்தா?”

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற கடைக்காரரைப் போனில் காத்திருக்க வைத்துவிட்டு வசந்தகுமார் மகளிடம் கேட்டார். வனிதா சற்றுமுன்தான் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அழுது ஓய்ந்திருந்தாள். உள்ளே செவந்தி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு படுத்திருந்தாள்.

“தெரியலப்பா.”

“சரி, மறைவு மட்டும் போடுங்க. பதினாறு ஏழு. தேதிய மாத்தி அடிச்சிராதீங்க, முக்கியமான நாளு.”

வசந்தகுமார் கறம்பக்குடி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று எழுதி ஆறு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. இன்றும் தவறவில்லை.

பந்தலில் துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “அணுகுண்ட மொத மொதல்ல வெடிச்சுப் பாத்தது இன்னைக்குத்தான். நிலாவுல எறங்குன ராக்கெட்டு கெளம்புனதும் இன்னைக்குத்தான். கும்பகோணத்துல பள்ளிக்கூடம் எரிஞ்சு தொண்ணூத்தி நாலு புள்ளைக போச்சே, அதுவும்...” குரல் உடைந்தது. அந்தக் குழந்தைகளுக்காக அவர் வருடாவருடம் அழுவார். “இப்ப இவளும்.”

“காலையில நல்லாத்தானே இருந்தாங்க?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“நாந்தாங்க இன்சுலின் ஊசி போட்டுவிட்டேன். சாப்ட்டுருன்னேன். சரின்னா. நான் கும்பகோணத்த டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து கூப்பிட்டா. இந்தா வாரேன்னேன். அப்புறம் சத்தமில்ல. முடிச்சு அனுப்பிட்டுப் போயிப் பாத்தா அடுப்படியில கெடக்கா. கையில சீனி டப்பா. மூடியத் தெறக்க முடியல போல. சுகர் ஒரேயடியா எறங்கிருச்சுன்னாங்க ஆஸ்பத்திரியில. சாப்பிட்டவளுக்கு எப்படிங்க எறங்கும்?”

வனிதா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குடுமியான்மலையிலிருந்து வந்திருந்த அழகி பெரியம்மா, தங்கையைக் குளிப்பாட்டப் பிடித்துவைத்த தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மா, அம்மா காலையில சாப்பிடலையா?”

“இன்னைக்கு எப்படிச் சாப்பிடுவா? ஆனிக் கடைசியில்ல.”

“அதுக்கு?”

பெரியம்மா அவளையே பார்த்தாள். “ஒனக்குமா சொல்லல? ஒனக்கு மூத்தவன் போன நாளு ஆத்தா. மூணு மாசப் புள்ள. காய்ச்சல்ல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஒங்கப்பா மதுரையில ட்ரெயினிங்குல இருந்தாரு. தந்தி கெடச்சு வந்து சேர்றதுக்குள்ள பொதைச்சாச்சு. அன்னையிலேர்ந்து இந்த நாளு வந்தா பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. முன்னயெல்லாம் தாங்குச்சு. இப்ப ஊசி போடுற ஒடம்பு. வேணாம்டின்னு நேத்துகூடப் போன்ல கத்துனேன்.”

“அப்பாவுக்குத் தெரியாதா?”

“அவரு கேட்டதில்ல. இவ சொன்னதில்ல. அவராத் தெரிஞ்சுக்கிறட்டும்னு இருந்துட்டா.”

ஆடி பிறப்பதற்கு முதல்நாள் அம்மாவுக்கு எப்போதும் வயிறு சரியிருக்காது. அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து வனிதா எத்தனையோ முறை மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். வனிதாவும் கேட்டதில்லை.

பந்தலை நோக்கித் திரும்பியவளின் கையைப் பெரியம்மா பிடித்தாள். “இப்ப வேணாம்டி. மனுசன் தாங்க மாட்டாரு.”

“தாங்கட்டும்.”

வசந்தகுமார் போனில் வந்திருந்த இரங்கல் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார். வனிதா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டாள்.

“அப்பா, காலையில போட்டதுல ஒண்ணு விட்டுப்போச்சு.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “விட்டிருக்க மாட்டேனே. எந்த நாட்டுல?”

“இந்த வீட்டுல. ஒங்க மூத்த மகன் செத்தது.”

“அது... அது ஆனிக் கடைசியில...” கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

“நாளைக்கு ஆடி ஒண்ணுப்பா. அதான் அம்மா சாப்பிடல. சாப்பிடாதவளுக்குத்தான் நீங்க ஊசி போட்டீங்க.”

எதிர்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வனிதாவுக்கு நிறுத்த மனமில்லை.

“அவ கூப்பிட்டப்ப நீங்க வேற புள்ளைகளுக்கு அழுதுக்கிட்டு இருந்தீங்க.”

வசந்தகுமாரின் மடியில் இருந்த போன் அதிர்ந்தபடி இருந்தது. அவர் எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். செவந்தியைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை சுற்றிப் பந்தலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட வரிசை நின்றது. பெரியம்மா போட்டாள். வனிதா போட்டாள். பிறகு வசந்தகுமாரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்து, கையில் அரிசியைக் கொடுத்தார்கள்.

அவர் கையை மூடிக்கொண்டு நின்றார்.

“போடுங்க.”

மூடிய கை மூடியபடியே இருந்தது.

“நேரமாகுதுங்க, போடுங்க,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

வனிதா குனிந்து அவர் கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்த அரிசியை அம்மாவின் வாய்க்கு நேரே தட்டிவிட்டாள்.

“அடுத்த ஆளு வாங்க,” என்றார்கள்.