செருப்போடு தூங்கிய பையன்

1.
இந்தக் கதை என்னுடையதில்லை. எதிர்வீட்டு டீச்சருடையது. அவள் சமையலறைக்குச் சர்க்கரை கேட்டுப் போனேன், கதையோடு திரும்பினேன். (என் வீட்டிலும் சர்க்கரை இருந்தது. அதை விடுங்கள்.)

டீச்சர் என்றால் கூட்டல் கழித்தல் டீச்சர் இல்லை. வீட்டில் அடிபட்டுக் காப்பகத்துக்கு வந்த பிள்ளைகளின் மனநலத்தை ஆராய்ச்சி செய்து, கல்லூரியில் அதையே பாடமும் எடுப்பவள். ஊர்ப் பிள்ளைகள் மனசு பொங்குவது தெரியும்; அடுப்பில் பால் பொங்குவதுதான் தெரியாது.

2.
'அன்று வகுப்பறையில் மழையின் வாசனை'

இப்படி ஆரம்பிக்க வேண்டாம். மழையே பெய்யவில்லை. மின்விசிறிதான் கடகடத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். சின்னப் பையன், காப்பகத்தில் செருப்பைக் கழற்றாமலே தூங்குவான். ஏன்டா என்றால், "அப்பா வந்தா ஓடணும்ல?" கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

[அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம்: நிஜப் பிள்ளையைப் பாடத்தில் சொல்லும்போது பெயர், ஊர், வயசு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். அடையாளம் தெரியக்கூடாதாம். நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன், பட்டம் வாங்காமல்.]

3.
வகுப்பு கலைந்ததும் ஒரு மாணவி மேசையருகே வந்தாள்.

"மேடம், அந்தப் பையன் நான்தான்."

"யாரும்மா நீ?"

"காப்பகத்துல நீங்க என் பக்கத்துல உக்காந்து வீடு வரைவீங்க. வேணும்னே கதவு போடாம விட்டுடுவீங்க. நான்தான் போட்டுக் குடுப்பேன்."

டீச்சருக்குக் கதவு ஞாபகம் இருந்தது. அதை வரைந்த முகம்தான் வரவில்லை. வருஷா வருஷம் பையன், பையன் என்று பாடம் நடத்தி, அவளுக்குள்ளேயே அந்தப் பெண்பிள்ளை பையனாகிப் போயிருந்தாள். போட்ட வேஷத்தில் ஏமாந்தது போட்டவள் மட்டும்தான்.

4.
அதே செருப்பு, டீச்சர் எழுதிய புத்தகத்திலும் ஏறி அச்சுக்குக் காத்திருந்தது.

"அன்னிக்குக் காப்பகத்துல பெரியவங்ககிட்டதான் சம்மதம் கேட்டேன். உன்கிட்ட இப்பதான் கேக்கறேன். வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுத்துட்டா அப்படி ஒரு புள்ள இருந்ததே தெரியாது. விட்டா, கடைசி பெஞ்ச் சிரிக்கும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்றேன் மேடம்."

அதன்பிறகு அவள் வகுப்புக்கே வரவில்லை.

"புத்தகம் போனா போகட்டும்க்கா," என்றாள் டீச்சர், பாலைப் பொங்க விட்டபடி. "அவ படிப்பை விட்டுட்டா, நான்தான் விரட்டினேன்னு ஆகும்."

5.
முடிவுகள் கைவசம் உண்டு. அவள் வரவேயில்லை (கொடுமை). 'பொண்ணுன்னே போடுங்க' என்று நிமிர்ந்து சொல்கிறாள் (கைதட்டலுக்கு ஆசைப்பட்ட முடிவு). இருவரும் கட்டிக்கொண்டு

சீச்சீ.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் டீச்சர் வாசலில் மறுபடியும் டம்ளரும் கையுமாக நின்றேன்.

"இவங்க யாரு மேடம்?"

"எதிர்வீட்டு அக்கா. சர்க்கரைக்கு வந்தாங்க."

"வாங்கிட்டாங்களா?"

வாங்கிவிட்டேன் என்றேன். அவள் உள்ளே போய், என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

காதை வைத்தால் கேட்டிருக்கும். நம்பினால் நம்புங்கள், வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் அடையாளம் தெரியாமலிருக்க, இந்தக் கதையில் இன்னொன்றையும் மாற்றினேன்: அவள் கழற்றாமல் தூங்கியது செருப்பே இல்லை. என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். உள்ளே அவள் சொன்ன பதிலை வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கதவைத் தட்டி, அவளிடம் கேளுங்கள்.