வாத்தின் காலடியில் இரண்டு வரிகள்

வீடு திரும்பும்போது அவளுக்கு வலது காது சுட்டுக்கொண்டிருந்தது. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறவர்கள், சும்மா திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் காது வழியாகத்தான் உள்ளே நுழைவார்கள். அவள் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுகிறவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திட்டுவதையும் ராகத்தோடு திட்டுவார்கள்.

பேருந்தில் முன் இருக்கைக் குழந்தை தன் இரண்டு ஷூ கயிறுகளையும் ஒன்றாக முடிந்துகொண்டிருந்தது. "ரெண்டும் கையைப் பிடிச்சுக்கிட்டா தொலையாதும்மா" என்று தாயிடம் விளக்கம் வேறு. மற்ற நாளாக இருந்தால் அதை மிட்டாய் போல வாயில் அடக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருப்பாள். இன்று கால்வலியில் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

கணவர் மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் கெட்டுப்போய் வேலையை விட்டதிலிருந்து சமையலறை அவர் ராஜ்ஜியம்.

"உன் பத்திரிகை வந்திருக்கு. உட்கார்ந்துட்டுப் பாரு" என்றார்.

குழந்தைகள் மாத இதழின் கடைசிப் பக்கம் பல வருஷமாக அவளுடையது. திருப்பினாள். வாத்துப் பாட்டு. பக்கத்தின் பாதிக்கு ஒரு வாத்து. பாட்டு இப்படி முடிந்திருந்தது:

மேகம் கறுத்தது வாத்தம்மா,
குடையை எங்கே வைத்தாயம்மா?

அவ்வளவுதான். வாத்து சொல்ல வேண்டிய பதிலைக் காணோம். 'நனைவது தானே என்பாடு, நனையும்முன் நீபோ உன்வீடு' என்ற இரண்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வாத்தின் இரண்டு கால்கள் சேறு அப்பி நின்றன.

"மிதிச்சுட்டு நிக்குது" என்றாள்.

"வாத்தைத் திட்டாதே. அதுக்குப் படிக்கத் தெரியாது."

"வரைஞ்சவருக்குத் தெரியுமில்ல?"

அந்த இரண்டு வரிகளுக்காக அவள் எத்தனை நாள் குளியலறையில் முணுமுணுத்தாள் என்பது கடவுளுக்கும் கதவுக்கு வெளியே காத்திருந்த கணவருக்கும்தான் தெரியும்.

அந்தச் சூட்டோடு பத்திரிகை ஆசிரியரின் தொலைபேசி வந்தது. மறுபடி அதே காது.

"பார்த்தீங்களாம்மா? பக்கம் அமைக்கிற பொறுப்பும் ஓவியர்கிட்டதான் இருக்கு. எனக்குப் பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போச்சு. நீங்க வருத்தப்பட்டு ஒரு வரி எழுதிக் குடுங்க, அதை வச்சே அவரை நிறுத்திடறேன். வேற ஆள் தயாரா இருக்கார்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. ஒரு வரி. கை தானாக எழுதிவிடும்.

பேனாவைத் தேடும்போது வாசலில் மணி அடித்தது. அந்த ஓவியரேதான். ஐம்பது தாண்டிய மனிதர். சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க ஒரு பக்கக் கால்சட்டையில் துணி காயப்போடும் கிளிப்பைக் குத்தியிருந்தார்.

"மன்னிப்புக் கேட்க வந்தேங்கா. போன்ல கேட்டா மன்னிப்பு மாதிரி இருக்காது."

கணவர் நாற்காலியைக் காட்டித் தேநீர் போடப் போனார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"வரி இருக்கறது தெரியலையா?"

"தெரிஞ்சுது." அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "வாத்துக்குக் கால் வரையறது பெரிய பாடுக்கா. ஒண்ணு கோழிக்கால் மாதிரி வரும், இல்லைன்னா தட்டை ஒட்டவச்ச மாதிரி இருக்கும். இந்தத் தடவை என்னமோ, சேத்துல அழுந்தி அப்படியே நின்னுச்சு. எனக்கே நம்ப முடியல. வெட்ட மனசு வரல. பாட்டு கேள்வியோட முடிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். திருடன் தனக்குத் தானே சாட்சி சொன்ன மாதிரி."

அவள் மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கியிருந்தது. பாட்டு கேள்வியோடு முடிந்தது நன்றாக இருந்தது என்று மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக்கு எட்டு வரிதான் கணக்கு. ஆசிரியர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் பத்து அனுப்பினாள். கடைசி இரண்டும் அவ்வளவு அழகாக வந்துவிட்டன. வெட்ட மனசு வரவில்லை. படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கணவர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "உட்காருங்க" என்றாள். "தேநீர் ஆறிடும்."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்த வரியை எழுதறேன். பத்து வரி அனுப்பினதுக்கு என் பேரையும் அதுலயே சேர்த்து எழுதிடறேன்."

"அப்போ உங்களையும் நிறுத்தணுமா?"

"நியாயம்னா ரெண்டு பேருக்கும்தானே சார்."

"நல்லா இருக்கே. ரெண்டு பேரும் சேர்ந்து கடைசியில என்னைத்தான் நிறுத்துவீங்க போல." பெருமூச்சு விட்டார். "சரி, விடுங்க. அடுத்த மாசம் எட்டே வரி. எட்டுன்னா எட்டுதான்."

"எட்டேதான் சார்."

வெளியே வந்தபோது ஓவியர் கோப்பையின் அடியைப் பார்த்தபடி இருந்தார். கதவு வழியாக அவருக்கு விஷயம் ஓரளவு எட்டியிருக்க வேண்டும்.

"அடுத்த மாசம் பசு மாடு" என்றாள். "அதுக்குக் கால் நாலு. பார்த்து நிறுத்துங்க."

"அடுத்த மாசமும் நானாக்கா?"

"வேற யாரு?"

அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தார். சரியாகவே இருந்த அந்தக் கிளிப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி மாட்டினார். வெகு நேரம் நிமிரவில்லை. கணவரும் அவளும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். களைப்பு அப்படியேதான் இருந்தது. நல்லது செய்தால் கால்வலி போய்விடும் என்று கடவுள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கணவர் எதிர் நாற்காலியிலிருந்த பீன்ஸ் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அந்த நாற்காலியை அவள் கால் நீட்டத் தோதாகத் தள்ளினார்.